அவைக்குறிப்பில் இல்லாத ஒரு பெயர்

எங்கள் அலுவலகத்துக்கு வருகிற மனுக்களில் பாதியை நான் கேட்காமலே தட்டச்சு செய்துவிடுவேன். சாக்கடை அடைப்பு, குடிநீரில் நாற்றம், முதியோர் உதவித்தொகை, பட்டாவில் பிழை. ஆள் வாசலில் நிற்கிற விதத்திலேயே என்ன மனு என்று ஓரளவு தெரிந்துவிடும். சாக்கடைக்கு வருகிறவர்கள் கோபமாக வருவார்கள். உதவித்தொகைக்கு வருகிறவர்கள் சொன்னாலும் உட்கார மாட்டார்கள். அந்த அம்மா வந்தபோது எனக்கு எதுவும் புரியவில்லை. உட்கார்ந்தார், கைப்பையைத் திறந்தார், மூடினார், எழுந்து வெளியே போனார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் தேனாம்பேட்டையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் தட்டச்சர். பத்தாம் வகுப்பும் தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேர்வும் முடித்தவன். நானாகப் போய் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை. வருகிறவர்கள் பேசுவார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு அடிப்பேன். இந்த வேலையில் இத்தனை வருடம் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் உறுப்பினர் ஒரு பெண். வழக்கறிஞராக இருந்து அரசியலுக்கு வந்தவர். எனக்கு அவர் மேடம், கட்சிக்காரர்களுக்கு அக்கா.

வந்த அம்மா சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. கணவர் இல்லை, ஒரே மகன். கேட்டரிங் படித்துவிட்டு இரண்டு மூன்று ஓட்டல்களில் வேலை பார்த்த பையன். தியாகராய நகரில் ஒரு மாடி அறையில் இருந்த ஏஜென்ட், வெளிநாட்டில் சமையல் வேலை என்று சொல்லி அனுப்பி வைத்திருக்கிறார். போன இடத்தில் படிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். அடுத்த மாதம் பையன் ராணுவ உடுப்பில் இருந்தான்.

"சமையல் வேலன்னுதான்ணே சொன்னான் அந்த ஏஜென்ட்டு. இப்ப பாத்தா கையில துப்பாக்கி கீது. தீபாவளிக்கு ஊசிப்பட்டாசு வெடிச்சாலே உள்ள ஓடிப் பூந்துக்குவாண்ணே எம்புள்ள."

கைபேசியில் படத்தைக் காட்டினார். தலைக்கவசம் அவனுக்குப் பெரிதாக இருந்தது. பனி. பின்னால் இலையில்லாத மரங்கள். அந்த நாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்கே நடக்கிற போரைப் பற்றி டீக்கடையில் தினசரியில் பார்த்திருக்கிறேன். சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அதற்கு மேல் அந்தப் போருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை.

மனுவை அடித்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. மனுவை அடித்த பிறகு, மேடத்தின் லெட்டர்பேடில் ஒரு பரிந்துரைக் கடிதம் அடிக்க வேண்டும். கடிதத்துக்குப் பின்னால் மனுவை வைத்து இடது மூலையில் குண்டூசி குத்த வேண்டும். மனு இல்லாமல் போகிற கடிதம் எந்த அலுவலகத்திலும் செல்லாது, திரும்பி வந்துவிடும். பதினைந்து வருடமாக என் கை இதைச் செய்துகொண்டிருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"எம்பேரும் அவம் பேரும் வெளிய போவக்கூடாதுண்ணே. டிவிக்காரன், பேப்பர்காரன், யாருக்கும். அவன்கூட இருந்த ஒரு பையன் வூட்டுல பேட்டி குடுத்தாங்களாம். அந்தப் பையனை சண்டை நடக்கற முன்னாடி வரிசைக்கு அனுப்பிட்டாங்களாம். எம்புள்ள போன்ல அழுதுகினே சொன்னான்."

"கடிதம் அதிகாரிகளுக்குத்தான்மா போகும். வெளியே போகாது" என்றேன்.

கடிதங்கள் போயின. பதில்களும் வந்தன. தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, பரிசீலனையில் உள்ளது. அந்த அம்மா வாரம் ஒரு முறை பள்ளிக்கூடம் விட்டதும் வருவார். பதிலை நான் படித்துக் காட்டுவேன். "பரிசீலனைன்னா நல்லதாண்ணே?" என்று கேட்பார். எனக்கும் தெரியாது. "பார்க்கிறார்கள் என்று அர்த்தம்" என்பேன்.

அந்தச் சமயத்தில்தான் சட்டமன்றம் கூடியது. மேடம் விலைவாசியைப் பற்றிப் பேச நேரம் கேட்டிருந்தார். ஒரு நாள் காலையில் வந்தவர், "போரைப் பத்தியும் பேசப்போறேன்" என்றார். எங்கள் வட்டச் செயலாளர் அப்போது அங்கே இருந்தார். கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர், எல்லோருக்கும் அவர் வட்டம். பேச்சில் யாரையும் விடமாட்டார். என்னை டைப்பு என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. நம்ம தெருவுல மழத்தண்ணி போறதுக்கு வழியக் காணோம். நீங்க எங்கியோ ரெண்டு பேரு அடிச்சிக்கிறதுக்குப் பஞ்சாயத்து பண்ணப் போறீங்க."

"மழைத்தண்ணிக்கும் பேசியிருக்கேன். அன்னிக்கு நீ கேட்டியா?"

"அன்னிக்கு எனுக்கு ஜுரம்க்கா."

"எண்ணெய் விலை ஏன் ஏறிச்சுன்னு கேட்டா, அந்தப் போர்தான் காரணம்னு அவையிலேயே பதில் சொல்றாங்க. விலைக்குக் காரணம் சொல்ல அந்தப் போர் உள்ளே வரலாம். நம்ம ஊர்ப் பிள்ளை அதுல மாட்டியிருக்கான், அதைச் சொல்லும்போது மட்டும் அது வெளிநாட்டு விவகாரம் ஆயிடுமா? அந்தப் போருக்கு நாம என்னென்ன குடுத்துக்கிட்டு இருக்கோம்னு யாராவது ஒருத்தர் கேக்க வேணாமா?"

"கேளுங்க. ஆனா அந்த நாட்டுக்காரன் தமிழ் சட்டசபை பாத்துகினு ஒக்காந்திருக்கானாக்கும்?" வட்டம் என் பக்கம் திரும்பினார். "இன்னா டைப்பு, நீ சொல்லு."

நான் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினேன். மேடம் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வட்டம் சொன்னதும் தப்பாகப் படவில்லை. ஒருவர் பேசி முடிக்கும்போது அவர் பக்கம் இருப்பேன், மற்றவர் தொடங்கியதும் அந்தப் பக்கம் போய்விடுவேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான்.

மேடம் என்னிடம், "அந்த அம்மாகிட்ட நீங்க போய்க் கேளுங்கண்ணா. நான் கூப்பிட்டா பயந்துடுவாங்க. உங்களுக்குன்னா பழக்கம்" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போனேன். சாந்தோம் நெடுஞ்சாலையில் ஆட்டோக்களும் வேன்களும் நெருக்கிக்கொண்டு நின்றன. அந்த அம்மா வாசலில் கம்பு ஒன்றை நீட்டிப் பிள்ளைகளைத் தடுத்து வரிசை வரிசையாக விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கம்பு கீழே இறங்கிவிட்டது. "இன்னாச்சுண்ணே? எதுனா செய்தியா?"

"இல்லம்மா, இல்லம்மா. வேற விஷயம்" என்று அவசரமாகச் சொன்னேன். பிள்ளைகள் போய் முடிந்ததும் சுவரோரமாக நின்று விஷயத்தைச் சொன்னேன். எனக்கு வாய் குழறியது. பாதி சொல்லும்போதே அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"வேணாம்ணே. மேடம் நல்ல மனசுல கேக்கறாங்க, புரியுது. ஆனா அவன் அங்க கீறான். இங்கேந்து அந்த நாட்ட திட்டிப் பேசினா அவன் மேல காட்டுவாங்க. போன ஞாயித்துக்கிழம கோயில் பூசைல அவனுக்காக வேண்டிக்கச் சொல்லி கருத்து குடுத்தேன். அதுலகூட பேரு போடல. 'ஒரு தாயின் கருத்துக்காக'ன்னுதான் ஃபாதர் படிச்சாரு. கடவுளுக்குத் தெரியாதா எந்தத் தாயின்னு?"

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் நானாக யோசித்து ஒருவரிடம் சொன்ன மிகச் சில விஷயங்களில் அது ஒன்று. "மேடமும் அதே மாதிரி பேசினா என்னம்மா? பேர் இல்லாம, ஒரு தாய்னு மட்டும்?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். கம்பின் நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தாய்னு மட்டும் சொல்லுவாங்களா?"

"பேச்சை நான்தான்மா அடிக்கப்போறேன்."

"சரிண்ணே. உங்கள நம்பறேன்."

மேடத்திடம் சொன்னேன். அவரும் சம்மதித்தார். இரண்டு நாள் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். எண்ணெய், உரம், கப்பல் கூலி என்று போய், கடைசியில் அந்தத் தாய். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை படித்துப் பார்த்தேன். பெயர் எங்கேயும் இல்லை. ஊர்கூட இல்லை. அச்செடுத்து, அடுக்கி, இடது மூலையில் குண்டூசி குத்தி உறையில் போட்டு மேடத்தின் காரில் வைத்தேன். அன்று வீட்டுக்குப் போகும்போது, நாம்கூட ஒரு நல்ல காரியத்தில் இருக்கிறோம் என்று தோன்றியது. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். வட்டம் பார்வையாளர் மாடத்தில் உட்கார அனுமதிச் சீட்டு வாங்கிப் போயிருந்தார். வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்தார்.

"டைப்பு! அக்கா பின்னிட்டாங்கய்யா! நான் இன்னாவோன்னு நெனச்சேன். பேரோட சொன்னாங்க பாரு, சபையே கப்சிப்!"

"யார் பேரு?"

"அந்த ஆயாம்மா பேரு, பையன் பேரு, எந்தத் தெரு, எல்லாம். மனுவ கையில தூக்கிக் காட்டுனாங்கய்யா!"

அவர் பேசிக்கொண்டே போனார். பேரவைத் தலைவர் உடனே எழுந்து, இது இந்த அவையின் வரம்புக்குள் வராத வெளிநாட்டு விவகாரம், அந்தப் பகுதி முழுவதும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டாராம். மேடம் எதிர்த்துக் கத்தினாராம், அதையும் நீக்கிவிட்டார்களாம். நான் போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து அந்த அம்மாவின் கோப்பை எடுத்தேன். மனுவின் அலுவலக நகல் அதில் இல்லை.

பேச்சு அடிக்கும்போது தேதி பார்ப்பதற்காக அதை எடுத்து மேசையில் வைத்திருந்தேன். மேடத்தின் பெயரில் அடித்த தாள்களை அடுக்கினேன். பின்னால் மனுவை வைத்தேன். குண்டூசி குத்தினேன். செய்தது நினைவில் இல்லை, ஆனால் வேறு விதமாக நடந்திருக்க முடியாது. என் கைக்குக் கடிதமும் பேச்சும் ஒன்றுதான்.

மாலையில் மேடம் வந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனால் உற்சாகமாக இருந்தார்.

"ஒரு தாய்னு ஆரம்பிச்ச உடனே எதிர்ல இருந்து ஒருத்தர், 'எந்தத் தாய்? கற்பனைத் தாயா?'ன்னாரு. சிரிச்சாங்கண்ணா. அவ்வளவு பேரும் சிரிச்சாங்க. பேப்பரைப் புரட்டினேன், மனு இருந்துச்சு. அந்த அம்மா கடைசியில ஒத்துக்கிட்டாங்க போல, அதான் அண்ணா ஆதாரத்துக்கு வச்சிருக்காருன்னு நினைச்சேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஒத்துக்கிட்டாங்க இல்ல?"

"இல்ல மேடம். பின் குத்தினது... பழக்கத்துல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "கேட்டிருக்கணும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும் நான்" என்றார். தப்பு என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

"நீக்கிட்டாங்களே மேடம். அப்படின்னா பத்திரிகையில வராதில்ல?"

"வராது. நீக்கினதை யாரும் போடக்கூடாது."

"அப்ப அது நல்லதுதானே?"

மேடம் என்னைப் பார்த்தார். "மதியத்துலேருந்து அதை நீக்கினதுக்காகத்தான் நான் எல்லார்கிட்டயும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அப்போது வட்டம் உள்ளே வந்து கைபேசியை நீட்டினார். நேரலையில் போன ஒரு துண்டை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். மேடம் மனுவைத் தூக்கிப் பிடித்துப் பெயரைப் படிக்கிற இடம். கீழே 'அக்காவின் கர்ஜனை' என்று போட்டு வட்டம் எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பியிருந்தார். மேடம் கத்திய கத்தலில் அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"அழிச்சிட்றேன்க்கா. ஆனா அனுப்பிச்சது அனுப்பிச்சதுதான். நான் அழிச்சாலும் அது போய்க்கினேதான் இருக்கும்."

மறுநாள் அந்த அம்மாவிடம் சொல்லக் கிளம்பினேன். மேடம் தானும் வருவதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். லஸ் முனையில் இறங்கிக் கச்சேரி சாலை வழியாக நடந்தேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பினேன். மறுபடியும் தாண்டினேன். மூன்றாவது முறை அவரே என்னைப் பார்த்துவிட்டார். அவர் நின்ற விதத்திலேயே வீடியோவைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

"நீங்கதானே அடிச்சீங்க?"

"ஆமாம்மா."

"அதுல எம்பேரு இருந்துச்சா?"

"அதில் இல்லம்மா. பின்னால இருந்துச்சு."

"பின்னாலன்னா?"

சொன்னேன். குண்டூசியைப் பற்றி ஒருவரிடம் விளக்கிச் சொல்லும்போது அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உங்க பழக்கத்துக்கு எம்புள்ளதானாண்ணே கெடச்சான்?"

பிள்ளைகள் எங்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு பெண்ணின் புத்தகப் பையைச் சரிசெய்து அனுப்பினார். பிறகு என்னிடம், "நேத்து ராத்திரி அவன் போன் வர்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நான் தினமும் காலையில் அவருக்குப் போன் செய்வேன். எடுப்பார். "இல்லண்ணே" என்று மட்டும் சொல்வார். வைத்துவிடுவார். கோபத்தில் எடுக்காமல் இருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மேடம் டெல்லிக்கு இரண்டு முறை போய் வந்தார். நான் சாக்கடை மனுக்களை அடித்தேன். குண்டூசி குத்தும் முன் ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பார்த்தேன். அதனால் யாருக்கும் பயன் இல்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது.

மூன்றாவது வாரம் அவரே அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"அண்ணே, சட்டசபைல பேசினதெல்லாம் புஸ்தகமா போடுவாங்களாமே? எங்க டீச்சரம்மா சொன்னாங்க. அதுல எம்புள்ள பேரு இருந்தா, நாளிக்கு கவுர்மெண்ட்டுல எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாதாமே. அந்தப் பக்கத்த ஒரு ஜெராக்ஸ் குடுங்க."

"அது... நீக்கிட்டாங்கம்மா" என்றேன்.

"இன்னா நீக்கிட்டாங்க?"

"பேரை. அந்தப் பேச்சை. புத்தகத்துல அந்த இடத்துல இருக்காது."

"அதான் ஊரே பாத்துச்சே. கறிக்கடக்காரன்கூட கேட்டானே, உம்புள்ளயா அதுன்னு."

"ஆமாம்மா."

"எல்லாரு போன்லயும் கீது. எழுதி வெக்க வேண்டிய எடத்துல மட்டும் இல்லயா?"

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மறைக்கணும்னு நெனச்சேன், வெளிய வந்துச்சு. வெளிய வந்துச்சே, சரி, அதாவது ஒதவட்டும்னு பாத்தா அதுவும் இல்லங்கறீங்க" என்றார். அப்போதுதான் உட்கார்ந்தார். அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

பையன் திரும்பி வந்தான். அதை நீட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் நான் போன் செய்தபோது, "இல்லண்ணே" என்பதற்குப் பதிலாக அவர் சிரித்தார், அல்லது அழுதார். ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசியிருக்கிறான். பிறகு சில வாரங்கள் தாள்கள், தூதரகம், மறுபடியும் தாள்கள். ஒரு பிற்பகலில் தாயும் மகனும் அலுவலகத்துக்குள் வந்தார்கள். அவன் இடது காலை இழுத்து நடந்தான். படத்தில் பார்த்ததைவிடச் சின்னப் பையனாக இருந்தான்.

வட்டம் எங்கிருந்தோ ஒரு சால்வை கொண்டுவந்து அவன் தோளில் போட்டு, "அக்கா பேசினாங்க, தம்பி வந்துட்டான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மாதா கொண்டாந்தாங்க" என்றார் அந்த அம்மா.

"மாதாவும் அக்காவும் பேசிகினாங்கன்னு வெச்சிக்கயேன்."

அன்றைக்குக் காலையில்தான் ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்திருந்தது. தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது. அதை அவர்களிடம் காட்டவில்லை.

மேடம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், வர நேரமாகும். வட்டம் டீ சொல்லப் போனார். நான் அந்தப் பையனிடம் கேட்க வேண்டியதை எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்தேன். கடைசியில், "தம்பி, அந்த வீடியோ அங்கே வந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"வந்துச்சு சார். பெரிய ஆபீசர் கூப்ட்டு போன்ல காட்டுனாரு. அன்னிக்கே என் போன புடுங்கிகினாங்க. நாலு நாள் குழி வெட்ட வுட்டாங்க. அப்பறம் ஒரு வண்டில ஏத்துனாங்க. முன்னாடி போவுதுன்னு நெனச்சேன். பின்னாடி போச்சு."

"ஏன் பின்னாடி அனுப்பினாங்க? அந்த வீடியோவாலயா?"

"தெர்ல சார். வண்டில இருந்தவங்க எல்லாம் கால்ல கையில அடிபட்டவங்க. எனக்கும் குழி வெட்டறப்ப கால்ல அடிபட்டுப் போச்சு. அதனாலயா, வீடியோவாலயான்னு யாரும் சொல்லல. என்கூட இருந்தவங்க அன்னிக்கு முன்னாடி போனாங்க."

அவனைக் குழி வெட்ட வைத்தது அந்தப் பெயர் என்றால், அவன் கால் என்னால் போனது. பின்னால் அனுப்பியதும் அந்தப் பெயர் என்றால், அவன் உயிரும் என்னால்தான் வந்தது. இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று கழியவில்லை. இன்றுவரை கழியவில்லை.

"மனுவை அதில் வைத்தது நான்தான் தம்பி. தெரியாமல் வைத்தேன்."

"அம்மா சொன்னாங்க சார்" என்றான். அதற்கு மேல் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தான். நான்கு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஊரும் வீட்டுப் போன் எண்ணும்.

"இவுங்க இன்னும் அங்க கீறாங்க. மேடத்தாண்ட குடுங்க. பேரோட பேசச் சொல்லுங்க."

"டேய்" என்றார் அம்மா. "அவுங்க வூட்டுல கேக்காம பேர குடுப்பியா நீ?"

"கேட்டா வேணான்னுதான் சொல்லுவாங்க. நீ சொல்லல?"

"சொன்னேன். அப்ப நீ அங்க இருந்த. என்னா பாடு பட்டேன்னு எனக்குத்தான் தெரியும். பேரு வெளிய போன அன்னிலேருந்து சோறு எறங்கல."

"நான் வந்துட்டேன்ல?"

"வந்துட்ட. வராம போயிருந்தா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ தெரிந்தவன் போலவும், என் மேசைக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குத் தெரியாத ஒரு முறை இருப்பது போலவும் பார்த்தார்கள். எனக்குப் பையன் சொன்னது சரியாகப் பட்டது. அந்த அம்மா சொன்னதும் சரியாகத்தான் பட்டது. ஆனால் இந்த முறை யார் பக்கம் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. மேடம் வருவதற்குள் தாளுக்கு ஒரு பதில் வேண்டும். வந்தால் அவர் அதை எடுத்துக்கொண்டு சட்டமன்றத்துக்குத்தான் போவார்.

"முதல்ல வீட்டுல கேட்போம்" என்றேன்.

"வேணான்னாங்கன்னா?" என்றான் பையன்.

"தெரியாது தம்பி. கேட்போம்."

முதல் பெயர் ராமநாதபுரம் பக்கத்து ஊர். அலுவலகப் போனை எடுத்து எண்ணை அழுத்தினேன். முன்பின் தெரியாதவர்களுக்கு நானாகப் போன் செய்ததே இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தபோது ஒரு பெண் குரல், "யாருங்க?" என்றது.

எங்கிருந்து பேசுகிறேன் என்று முதலில் சொல்வதா, மகனின் பெயரை முதலில் சொல்வதா என்று தெரியவில்லை. "மெட்ராஸ்லேருந்து பேசறேன்மா. ஒரு நிமிஷம் பேசலாமா?" என்றேன்.

"எம் மகனப் பத்தியா?"

"ஆமாம்மா."

நான் பேசுவேன் என்று அந்தப் பெண் அங்கே காத்திருந்தார். எதிரில் தாயும் மகனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல செய்தியும் இல்லம்மா, கெட்ட செய்தியும் இல்ல" என்றேன். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."